கபுகி நடிகர் அச்சுப்படங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படம் என்றாலே பலருக்கு ஹொகுசாயின் பேரலையும் ஃபூஜி மலையும்தான் நினைவுக்கு வரும். கபுகி நடிகர்களின் படத்தை எடுத்துக் காட்டினால், 'இது யாரு, ஏன் இப்படி முறைக்கிறான்?' என்று ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதில் இன்னொன்றைத் தொட்டுப் பேசும் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. முதலில் கபுகி என்றால் என்ன? இந்தப் படங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கபுகி ஜப்பானின் மேடை நாடகம். பாட்டு, நடனம், சண்டை, அழுகை எல்லாம் அதில் உண்டு. 1603-இல் கியோட்டோவில் இசுமோ நோ ஒகுனி என்ற பெண் ஆடிய ஆட்டத்திலிருந்து அதன் கதையைத் தொடங்குவது வழக்கம். நூறு ஆண்டுக்குள் எடோ, ஒசாகா, கியோட்டோ மூன்று நகரங்களிலும் வணிகர்களும் தொழிலாளிகளும் காசு கொடுத்துப் பார்க்கும் பெரிய பொழுதுபோக்காக அது வளர்ந்துவிட்டது. எடோ என்பது இன்றைய டோக்கியோ.

அந்த மேடையில் நடித்தவர்களை வரைந்து, மரப்பலகையில் செதுக்கி, தாளில் அச்சிட்டு விற்ற படங்களுக்கு யகுஷா-எ என்று பெயர். அழகிகளின் படமும் நடிகர்களின் படமும்தான் எடோவின் அச்சுத் தொழிலுக்குச் சோறு போட்டன. மலையும் அலையும் அந்த வரிசையில் பிந்தி வந்தவை.

2. அப்படியென்றால் இது நாடகத்துக்கு அடித்த போஸ்டர்தானே?

இல்லை. நாடகக் கொட்டகைகளுக்கென்று வாசலில் தொங்கும் பெரிய ஓவியப் பலகைகளும், நடிகர் பட்டியல் அச்சிட்ட தாள்களும் தனியாக இருந்தன. அவற்றின் செலவு கொட்டகையைச் சேர்ந்தது. நாம் பேசும் படங்களை வெளியிட்டவர்கள் தனியார் பதிப்பாளர்கள். எந்த நாடகம் ஓடும், எந்த நடிகருக்கு ரசிகர் அதிகம், எந்த ஓவியரிடம் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தங்கள் கைப்பணத்தை இறக்கினார்கள். நாடகம் தோற்றால் படம் கடையிலேயே கிடக்கும்.

கொட்டகைக்கும் இதனால் விளம்பரம் கிடைத்தது உண்மை. ஆனால் படத்தை வாங்கியவர் அதற்காக வாங்கவில்லை. பிடித்த நடிகர், பிடித்த வேடம், அந்த மாதம் ஊரே பேசிய காட்சி ஆகியவற்றுக்காக வாங்கினார். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

3. என்ன விலைக்கு விற்றார்கள்? பணக்காரர்கள் மட்டும்தான் வாங்கினார்களா?

1842-இல் அரசு போட்ட ஆணை ஒன்று, ஒரு தாள் 16 மோனுக்கு மேல் விற்கக் கூடாது என்றது. மோன் அன்றைய சில்லறைக் காசு. அதே காலத்தில் தெருக்கடையில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸும் 16 மோன்தான். காக்காப்பொன் தூவியது, கூடுதல் நிறம் போட்டது எல்லாம் இதைவிட விலை அதிகம். ஆனாலும் சாதாரணத் தாள் கடைப்பையனுக்கும் கைக்கெட்டும் விலையில்தான் இருந்தது.

4. ஓவியர் பெயர் மட்டும்தானே இருக்கிறது? செதுக்கியதும் அவர்தானா?

இல்லை. நான்கு பேர் வேலை இது: பணம் போடும் பதிப்பாளர், வரையும் ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர். ஓவியர் மெல்லிய தாளில் மையால் வரைந்து கொடுப்பார். அந்தத் தாளை மலைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். அதனால் ஓவியரின் மூலப் படம் செதுக்கும்போதே அழிந்துபோகும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. பலகையின் ஓரத்தில் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். தாளை ஒவ்வொரு முறையும் அந்த வெட்டுகளில் பொருத்தி வைத்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகராமல் விழும். அழுத்த இயந்திரம் கிடையாது. மூங்கில் உறை சுற்றிய வட்டத் திண்டு ஒன்றால் தாளின் பின்பக்கம் தேய்த்தே அச்சிட்டார்கள்.

ஒரு நல்ல படம் கிடைத்தால் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை மட்டும் உருப்பெருக்கியில் பாருங்கள். மயிரிழை மயிரிழையாகக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கன்னத்துப் பக்கம் இறங்கும். அவை கத்தியால் கீறியவை அல்ல. ஒவ்வொரு இழையையும் நிற்க விட்டு, இரு பக்கத்து மரத்தையும் எடுத்திருக்கிறார்கள். கூடத்தின் தலைமைச் செதுக்குநர்தான் முகத்தையும் முடியையும் தொடுவார். உடையும் பின்னணியும் இளையவர்கள் கைக்குப் போகும். ஓவியர் பல நேரம் முடியை அப்படி இழை இழையாக வரைந்தே கொடுத்திருக்க மாட்டார். அந்த நுணுக்கம் பெரும்பாலும் செதுக்கியவரின் கைவண்ணம். ஆனாலும் புகழ் முழுவதும் ஓவியருக்கே போனது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் சில செதுக்குநர்களின் பெயர் படத்தின் ஓரத்தில் சிறிதாகத் தலைகாட்டுகிறது.

5. எனக்கு எல்லா முகமும் ஒரே மாதிரி தெரிகிறதே, இது என் கண்ணின் குறையா?

நீங்கள் பார்த்தது 1700-ஐ ஒட்டிய படம் என்றால் உங்கள் கண்ணில் குறையே இல்லை. அப்போது நடிகர் படங்களை வரைந்தது டோரி பரம்பரை. டோரி கியோனோபுவின் படங்களில் தொடை சுரைக்காய் போலப் புடைத்திருக்கும், கோடு மண்புழு மாதிரி தடித்தும் மெலிந்தும் நெளியும். ஆவேசமான வேடத்துக்குப் பிரமாதமாகப் பொருந்தும் பாணி அது. ஆனால் யார் முகமும் தனியாகத் தெரியாது. உடையில் உள்ள சின்னத்தையும் எழுதிய பெயரையும் வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள். முதலில் கறுப்பு மை மட்டும், அதன்மேல் கையால் பூசிய நிறம். 1740களில் இரண்டு மூன்று நிற அச்சு வந்தது, 1765-இல் முழு வண்ண அச்சு.

அந்த வண்ணம் வந்து ஐந்தே ஆண்டில் பெரிய திருப்பம் நடந்தது. 1770-இல் கத்சுகாவா ஷுன்ஷோவும் இப்பித்சுசாய் புன்ச்சோவும் சேர்ந்து நடிகர்களை விசிறி வடிவச் சட்டங்களுக்குள் வரைந்து ஒரு படப்புத்தகம் வெளியிட்டார்கள். அதில் ஒருவர் மூக்கு இன்னொருவருக்கு இல்லை, ஒருவர் தாடை இன்னொருவருக்கு இல்லை. நடிகர் படத்தின் வரலாற்றில் ஒரே ஒரு ஆண்டைக் குறிப்பிடச் சொன்னால் நான் 1770-ஐத்தான் சொல்வேன். பலரும் 1794 என்பார்கள், அதைப் பிறகு பார்ப்போம்.

6. இதில் இருப்பது பெண்ணா, பெண் வேடம் போட்ட ஆணா?

கபுகிப் படம்தான் என்றால் ஆண். 1629-இல் பெண்கள் மேடையேறுவதை அரசு தடை செய்தது. அவர்கள் இடத்தில் வந்த இளைஞர் குழுக்களையும் 1652-இல் தடுத்து, நடிகர்கள் முன்நெற்றி முடியை மழிக்க வேண்டும் என்று விதித்தது. பெண் வேடம் போடுபவர்கள் மழித்த இடத்தைத் துணியால் மறைத்தார்கள்.

படத்தில் அடையாளம் காண இதுவே சுலபமான வழி. நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் ஊதா நிறத் துணி ஒட்டு தெரிந்தால் அவர் ஒன்னகதா, அதாவது பெண் வேட நடிகர். அழகிகள் படத்தில் வரும் பெண்ணுக்கு அது இருக்காது. ஊதா வெளுத்துப் பழுப்பாகிப் போன படங்களும் உண்டு. ஏன் என்பது 16-ஆம் கேள்வியில்.

7. ஏன் எல்லாருக்கும் மாறுகண்? முகத்தில் அந்தச் சிவப்புக் கோடுகள் எதற்கு?

நாடகத்தின் உச்சக் கட்டத்தில் நடிகர் சட்டென்று அசையாமல் உறைந்து நிற்பார். மரக்கட்டைகளைத் தரையில் தட்டும் சத்தம் படபடவென்று எழும். தலையை ஒரு சுழற்றுச் சுழற்றி, ஒரு கண்ணை மூக்குப் பக்கம் திருப்பி முறைப்பார். இந்த நிலைக்கு மியே என்று பெயர். மேடையே படமாகிவிடும் நொடி அது. அச்சுப்படத்துக்கு இதைவிட வசதியான நொடி ஏது? இச்சிகாவா டான்ஜூரோ பரம்பரையினரின் முறைப்பு தன்மேல் பட்டால் அந்த ஆண்டு முழுவதும் நோய் அண்டாது என்று ரசிகர்கள் நம்பினார்கள்.

கோடுகள் குமதோரி என்ற ஒப்பனை. சிவப்பு வீரத்துக்கு, நீலம் வில்லனுக்கும் ஆவிக்கும், பழுப்பு பேய் பிசாசு வகையறாவுக்கு. முதலாம் டான்ஜூரோ எடோவில் தொடங்கிய அரகோத்தோ என்ற முரட்டு நடிப்பில்தான் இது அதிகம். அவர் 1704-இல் இன்னொரு நடிகரால் மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அவர் பெயர் மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

8. எனக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது. படத்தில் இருப்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உடையின் தோள், கைப்பகுதியில் குடும்பச் சின்னத்தைத் தேடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம், மூலைக்கு மூலை கோடு இருந்தால் டான்ஜூரோ குடும்பம். அரிசி அளக்கும் மரப்படிகள் மூன்றை அடுக்கி மேலிருந்து பார்த்த வடிவம் அது. விசிறியும் ஓக் இலைகளும் சேர்ந்திருந்தால் ஒனோஎ கிகுகோரோ. நான்கு இதழ்ப் பூவைச் சாய்சதுரமாக்கியது மத்சுமோட்டோ கோஷிரோ. பத்துப் பதினைந்து சின்னங்கள் பழகிவிட்டால் முக்கால்வாசிப் படங்களில் குடும்பம் தெரிந்துவிடும்.

அடுத்தது முகம். 1770-க்குப் பிறகு ஓவியர்கள் முகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்தாம் கோஷிரோவுக்குக் கழுகு மூக்கு, சின்னக் கண். எடோவின் மிகப் பெரிய வில்லன் நடிகர். யார் வரைந்தாலும், எந்த வேடத்தில் வரைந்தாலும் அந்த மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். பெண் வேடத்தில் பேர்போன ஐந்தாம் இவாய் ஹன்ஷிரோவின் கண்கள் ஆயிரம் ரியோ பெறும் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். ரியோ அன்றைய பொற்காசு. அவர் படங்களில் கீழிமை சற்றுக் கனத்து, பார்வை நம்மைத் தாண்டிப் போகும்.

9. டான்ஜூரோ என்றே நூறு ஆண்டுக்கும் மேலாகப் படம் வருகிறதே, எத்தனை டான்ஜூரோ? எந்த ஆண்டுப் படம் என்று எப்படித் தெரியும்?

பெயர் பரம்பரைச் சொத்து. மகனோ தத்துப்பிள்ளையோ சீடனோ உரிய காலத்தில் ஏற்றுக்கொள்வார். 2022-இல் பதின்மூன்றாம் டான்ஜூரோ பெயரேற்றார். ஒரே ஆள் வாழ்நாளில் மூன்று நான்கு பெயர் மாறுவதும் சகஜம். குழப்பமாகத் தோன்றினாலும் காலத்தைக் கணிக்க இதுதான் பெரிய உதவி. இன்ன பெயர் வைத்திருந்த நடிகர், இன்ன வேடத்தில், இன்ன கொட்டகையில் நடித்தது எந்த மாதம் என்று நாடகப் பதிவுகளில் தேடினால் பெரும்பாலும் ஒரே ஒரு விடைதான் வரும். நிலக்காட்சிப் படங்களுக்கு இந்த வசதி கிடையாது.

வெளியிட அனுமதி கிடைத்ததற்கு அடையாளமாகப் படத்தில் இருக்கும் தணிக்கை முத்திரையும் கைகொடுக்கும். 1790 முதல் ஒற்றை எழுத்து கொண்ட சிறு வட்ட முத்திரை. 1842-ஐ ஒட்டித் தணிக்கையாளர் ஒருவர் பெயர், 1847 முதல் 1852 வரை இருவர் பெயர். பிறகு ஆண்டுக்குரிய விலங்கையும் மாதத்தையும் குறிக்கும் முத்திரை சேர்ந்தது. 1875-இல் முத்திரை முறையே ஒழிந்தது. இரண்டு பெயர் முத்திரை உள்ள ஒரு படத்தை யாராவது '1820-ஐச் சேர்ந்தது' என்று விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

10. ஷராக்கு யார்? நிஜமாகவே ஒருவருக்கும் தெரியாதா?

1794-ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் எடோவில் ட்சுதாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளர் ஒரே வீச்சில் 28 படங்களை இறக்கினார். எல்லாமே மார்பளவு முகப்படங்கள், பின்னணியில் கறுப்புக் காக்காப்பொன் மினுமினுப்பு. கையெழுத்து தோஷூசாய் ஷராக்கு. அதற்கு முன் அப்படி ஒரு ஓவியரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஏறத்தாழ 10 மாதங்களில் சுமார் 140 படங்கள், 1795 தொடக்கத்தோடு ஆள் காணாமல் போனார். அவா பகுதிப் பிரபுவின் கீழிருந்த, நோ என்னும் பழைய முகமூடி நாடகத்தின் நடிகர் சைட்டோ ஜூரோபெய்தான் அவர் என்று 1844-இல் சைட்டோ கெஷ்ஷின் எழுதிவைத்தார். இன்று பெரும்பாலோர் இதை ஏற்கிறார்கள். வேறு ஓவியர்கள் பெயரையெல்லாம் இழுத்து எத்தனையோ ஊகங்கள் வந்தன, அவற்றால் புத்தக விற்பனை கூடியதைத் தவிரப் பெரிய பயனில்லை.

அந்த 28-இல் ஒன்று மூன்றாம் ஒட்டானி ஒனிஜி நடித்த எடோபெய். கவராசாகி கொட்டகை நாடகம். எடோபெய் ஒரு முரட்டு வேலைக்காரன், இப்பெய் என்பவனிடமிருந்து பணத்தைப் பறிக்க வருகிறான். கழுத்தை முன்னே நீட்டி, வாயை ஒரு பக்கம் இழுத்து, சின்னக் கருவிழிகளை நெருக்கி வைத்திருக்கிறான். மார்புத் துணிக்குள்ளிருந்து இரண்டு கைகளும் விரல் விரித்து வெளியே வருகின்றன. அவை முகத்துக்குப் பொருந்தாத அளவு சிறியவை, உடலின் எந்த இடத்திலிருந்து முளைக்கின்றன என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனாலும் பறிக்கப் போகிற கை என்று பார்த்தவுடன் தெரிகிறது. வாளை உருவும் இப்பெய்யாக இச்சிகாவா ஒமெசோவை வரைந்த படமும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அடுத்த நொடி சண்டை.

11. அவ்வளவு பெரிய ஓவியரை அந்தக் காலத்து மக்கள் ஏன் கைவிட்டார்கள்?

2-ஆம் பதிலுக்குத் திரும்புங்கள். வாங்குபவர் ரசிகர். ஷராக்கு ஒன்னகதாவின் முகத்தில் ஆண் தாடையைக் காட்டினார், வயதான நடிகரின் தொங்கும் கன்னத்தைக் காட்டினார். உண்மையை அளவுக்கு மீறி வரையப் போய் நிலைக்காமல் போனார் என்று அந்தக் காலத்து ஓவியர் குறிப்பு ஒன்றே சொல்கிறது. அதே ஆண்டு உதாகவா டோயோகுனி 'மேடையில் நடிகர் தோற்றங்கள்' என்ற வரிசையைத் தொடங்கினார். முழு உருவம், அழகான நிலை, முகச்சாயலும் உண்டு, மரியாதையும் உண்டு. சந்தை அவர் பக்கம் போனது.

ஷராக்குவைத் தூக்கி நிறுத்தியதில் ஐரோப்பாவுக்குப் பங்கு உண்டு. 1910-இல் ஜெர்மானியரான யூலியுஸ் குர்த் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார், பெயர் பரவியது. அவர் படங்கள் அபாரமானவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடிகர் படம் என்றால் ஷராக்கு மட்டும்தான் என்று பேசுவது, 200 ஆண்டுத் தொழிலை 10 மாதத்தில் அடைப்பதாகும். மார்பளவு முகப்படத்தைக்கூட அவருக்கு முன்பே ஷுன்ஷோவின் சீடர்கள் ஷுன்கோவும் ஷுன்எயும் வரைந்துவிட்டார்கள்.

12. கையெழுத்து டோயோகுனி என்கிறது, அருங்காட்சியகக் குறிப்பு குனிசதா என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. முதலாம் டோயோகுனி 1825-இல் இறந்தார். பெயரை அவர் வளர்ப்பு மகன் டோயோஷிகெ எடுத்துக்கொண்டார். அதை மனத்தளவில் ஏற்காத மூத்த சீடர் குனிசதா 1844-இல் தானும் டோயோகுனி என்ற பெயரைச் சூடிக்கொண்டு, 'இரண்டாம் டோயோகுனி' என்றே கையெழுத்திட்டார். நாம் எண்ணினால் அவர் மூன்றாமவர். நீளமான கட்டத்துக்குள் டோயோகுனி என்றிருந்து, 9-இல் சொன்ன இரட்டை முத்திரையோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் அது அநேகமாக இவர்தான்.

குனிசதா 1786 முதல் 1865 வரை வாழ்ந்தார். வரைந்தவை 20,000-க்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு வரைந்ததாலேயே பிற்கால அறிஞர்கள் அவரைத் தொழிற்சாலை என்று ஒதுக்கிவிட்டார்கள். சுமாரான படங்களும் நிறைய உண்டு, மறுக்க முடியாது. ஆனால் எழுபது வயதைத் தாண்டி, 1860-ஐ ஒட்டி அவர் வரைந்த பெரிய முகப்படங்களைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லுங்கள் பார்ப்போம்.

13. நடிகர் படங்களை அரசு தடை செய்தது என்கிறார்களே, ஏன்?

1841-இல் முதலமைச்சர் நிலையில் இருந்த மிசுனோ தடகுனி ஆடம்பரத்தை ஒழிக்கிறேன் என்று இறங்கினார். நடிகர்கள் சமூகத்தில் கீழ்நிலையினர், ஆனால் பிரபுக்களைவிடப் பகட்டாக வாழ்ந்தார்கள். 1842-இல் ஏழாம் டான்ஜூரோவை எடோவைவிட்டே துரத்தினார்கள். அப்போது அவர் டான்ஜூரோ பட்டத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டு எபிசோ என்ற பெயரில் இருந்தார். கொட்டகைகளை நகரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, அசகுசா என்ற பகுதிக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். அதே ஆண்டு நடிகர், கணிகையர் படங்களுக்குத் தடை வந்தது.

பதிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? நடிகர் முகத்தை வரலாற்று வீரன் உடம்பில் வைத்தார்கள். பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். 1848-ஐ ஒட்டி உதாகவா குனியோஷி செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கிடங்குச் சுவரில் எவனோ ஆணியால் கிறுக்கியதுபோல முகங்களை வரைந்தார். கோணல் கோடு, அரைகுறைத் தலை, நடுவே தலையில் துண்டு கட்டி ஆடும் பூனை. சுவர்க் கிறுக்கலுக்குத் தணிக்கை எப்படி? ஆனால் எடோக்காரர்கள் அந்த மூக்கையும் தாடையையும் பார்த்ததுமே யார் யார் என்று சொல்லிவிடுவார்கள். 1770-இல் தொடங்கிய முகச்சாயல் பழக்கம் இங்கேதான் முழுப் பலன் தந்தது.

14. வெளிர்நீல உடை, கையில் ஜெபமாலை, கோபமே இல்லாத முகம். இது என்ன நாடகம்?

நாடகம் இல்லை, நடிகர் இறந்த செய்தி. ஷினி-எ என்னும் இறப்புப் படம் அது. புகழ்பெற்ற நடிகர் இறந்ததும் சில நாட்களில் கடைக்கு வந்துவிடும். இறந்த தேதி, இறப்புக்குப் பின் சூட்டிய பௌத்தப் பெயர், அடக்கம் செய்த கோயில், சில நேரம் அவர் எழுதிய கடைசிக் கவிதை எல்லாம் இருக்கும். அவசரத்தில் அச்சிட்டதால் தேதியும் வயதும் படத்துக்குப் படம் மாறும். முத்திரையும் ஓவியர் கையெழுத்தும் இல்லாதவை பல. அதனால் 9-ஆம் பதிலில் சொன்ன முத்திரை வழி இவற்றுக்கு உதவாது.

எண்ணிக்கையில் மிஞ்சியது எட்டாம் டான்ஜூரோ. துரத்தப்பட்ட தந்தைக்காக உருகிய நல்ல மகன் என்று பெயரெடுத்தவர், பேரழகர். 1854-இல் ஒசாகாவில் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். ஜப்பானியக் கணக்கில் வயது 32. காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான விதங்களில் படங்கள் வந்தன. புத்தரின் பரிநிர்வாண ஓவியம் போலவே அவரைப் படுக்கவைத்து, சுற்றிலும் கிழவி முதல் சிறுமி வரை பெண்கள் கதறுவதாகச் சில வரைந்திருக்கிறார்கள். பூனைகூட அழுகிறது. துக்கமும் வியாபாரமும் கிண்டலும் ஒரே தாளில்.

15. ஒசாகா படங்கள் வேறு மாதிரி என்கிறார்கள், என்ன வித்தியாசம்?

எடோவில் அழகி, நடிகர், மலை, வீரர் என்று பலவும் விற்றன. ஒசாகாவில் ஏறக்குறைய எல்லாமே நடிகர் படம். ஓவியர்களில் பலர் முழுநேரத் தொழிலாளிகள் அல்லர், நாடகப் பித்துப் பிடித்த ரசிகர்கள். 1842 தடைக்குப் பிறகு தாளின் அளவு பாதியாகச் சுருங்கியது, சுமார் 26-க்கு 19 சென்டிமீட்டர். அந்தச் சிறு தாளில் உலோகப் பொடி, மையில்லாமல் அழுத்திய புடைப்பு, அடர்ந்த நிறங்கள் எல்லாவற்றையும் கொட்டினார்கள். ஒசாகா ஓவியர் ஹிரோசதாவின் படங்களை ஒருமுறை சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அச்சுத் தரத்தில் எடோவை ஒசாகா தோற்கடித்துவிட்டது என்பது என் தீர்ப்பு, எடோ ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

16. பழைய படங்களில் நீலமே இல்லையே, அப்போது நீலம் கிடைக்கவில்லையா?

கிடைத்தது, வெளுத்துவிட்டது. கானாவாழை இனத்துச் செடியின் பூவிலிருந்து எடுத்த நீலம் ஈரம் பட்டாலும் வெளிச்சம் பட்டாலும் பழுப்பாகிவிடும். குசும்பப்பூச் சிவப்பும் அப்படித்தான். இரண்டையும் கலந்த ஊதாவின் கதியைக் கேட்கவே வேண்டாம். அவுரி நீலம் தாங்கும், 1830-ஐ ஒட்டி இறக்குமதியான பிரஷ்ய நீலம் இன்னும் நன்றாகத் தாங்கும். அருங்காட்சியகங்கள் மங்கிய விளக்கில் சில வாரங்கள் மட்டும் காட்டிவிட்டு நீண்ட காலம் உள்ளே வைப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டில் சன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

17. நான் வாங்கிய ஷராக்கு அசலா?

பெரும்பாலும் இல்லை. ஜப்பானிய அச்சுப்படங்களில் அதிகம் நகலெடுக்கப்பட்டவற்றில் அவர் படங்களும் சேரும். உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளி புள்ளியாக நிறம் தெரிகிறதா? இயந்திர அச்சு, சந்தேகமே வேண்டாம். புள்ளி இல்லை, பின்பக்கம் மை ஊறி, தேய்த்த தடமும் தெரிகிறது என்றால் மரக்கட்டை அச்சுதான். ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செதுக்கிய பலகையில் அச்சிட்டதாகவும் இருக்கலாம். அது ஏமாற்று வேலை அல்ல, அழகான கைவேலைதான். அசல் என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று.

10-இல் சொன்ன 28 முகப்படங்களும் பெரிய தாளில் வந்தவை, அதன் அளவு ஏறக்குறைய 39-க்கு 26 சென்டிமீட்டர். அவற்றில் ஒன்று, ஓரம் வெட்டுப்படாமல் முழுப் படமும் அதைவிட மிகவும் சிறிதாக இருந்தால் அசலுக்கு வாய்ப்பில்லை. காசு அதிகம் புரளும் என்றால் தாளைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். புகைப்படத்தை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை.

18. படத்தில் இருக்கும் காட்சியை அப்படியே மேடையில் நடித்தார்கள் என்று நம்பலாமா?

கேட்க வேண்டிய கேள்வி, கேட்பவர்கள்தான் குறைவு. நாடகம் தொடங்கும்போதே படம் கடையில் இருந்தால்தான் விற்கும். அதனால் வரைவதும் செதுக்குவதும் முன்கூட்டியே நடந்தன. இடையில் நடிகர் நோயில் விழலாம், வேடம் கைமாறலாம். படம் மட்டும் பழைய ஏற்பாட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரே நாடகத்துக்கு இரண்டு ஓவியர் வரைந்த படங்களில் உடையின் நிறம் ஒத்துப்போகாததும் உண்டு.

இன்னொரு வகை, நடக்கவே நடக்காத நாடகம். இந்த வேடத்தில் இந்த நடிகர் இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனையில் ஜோடி சேர்ப்பது. 1852-இல் குனிசதா, எடோவையும் கியோட்டோவையும் இணைத்த டோக்கைடோ நெடுஞ்சாலையின் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நடிகர் வேடமாக ஒரு வரிசை வரைந்தார். சக்கைப்போடு போட்டது. அதில் இறந்துபோன நடிகர்களும் உயிரோடிருந்தவர்களும் கலந்திருக்கிறார்கள், 13-இல் சொன்ன காரணத்தால் பெயரும் இல்லை. நாடக வரலாற்றுக்கு இந்தப் படங்களைச் சாட்சியாக அழைக்கும்போது கொட்டகையின் நடிகர் பட்டியலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

19. எப்போது நின்றுபோனது? இன்று எங்கே பார்க்கலாம்?

மெய்ஜி காலத்தில் (1868-1912) புகைப்படம் வந்து நடிகர் முகத்தை மலிவாகக் கொடுத்தது. ஆனாலும் 1900-இல் இறக்கும்வரை டோயோஹாரா குனிச்சிகா நடிகர்களை வரைந்துகொண்டே இருந்தார். இறக்குமதிச் சாயங்களின் கண்கூசும் சிவப்பும் ஊதாவும் அவர் படங்களின் முத்திரை. சிலருக்குப் பிடிக்காது. எரிவாயு விளக்கு வந்த கொட்டகைக்கு அந்த நிறம் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். பிறகு 1920களில் பதிப்பாளர் வதனாபே ஷோசபுரோ பழைய நான்கு பேர் முறையைப் புதுப்பித்தபோது நடோரி ஷுன்சென் 36 நடிகர் முகங்களை வரைந்தார். நிழலும் தோலின் மென்மையும் தெரியும் புது வகை முகங்கள், ஆனால் செதுக்கியதும் அச்சிட்டதும் 4-ஆம் பதிலில் சொன்ன அதே வழிதான்.

பார்ப்பதற்கு ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. டோக்கியோ வசேடா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தில் 40,000-க்கும் மேற்பட்ட நடிகர் படங்கள் இருக்கின்றன, பெரும்பகுதியை இணையத்தில் நடிகர், வேடம், நாள் வாரியாகத் தேடலாம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 50,000 ஜப்பானிய அச்சுப்படங்கள், லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். தேடும்போது ஓவியர் பெயரைப் போடாமல் ஒரு நடிகர் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் கோஷிரோ நல்ல தொடக்கம், அந்த மூக்கை எத்தனை பேர் எத்தனை விதமாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது.